அவரு மெஷின்ல ஒரு ஆப் ஏத்துறதுக்குள்ள

அந்தக் கம்ப்யூட்டரை நான் சக்களத்தின்னுதான் சொல்லுவேன். அவரு உசுரோட இருந்தப்பவே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கேன். மில்லுல ஷிப்டு முடிச்சு வந்தா மனுசன் கைகால் கழுவிட்டு நேரா அதுக்கு முன்னாடிதான் போயி உக்காருவாரு. வச்ச காபி வச்சபடி ஆடை கட்டிக் கெடக்கும். "இந்தாங்க, இனிமே காபியும் என் சக்களத்தியவே போட்டுத் தரச் சொல்லுங்க"ம்பேன். "அவளுக்குக் காபி போடத் தெரியாது, ஆனா கோவப்படவும் தெரியாது"ம்பாரு. எனக்குக் கோவம் வரும்னு தெருவுக்கே தெரியும். அத இவரு வேற சொல்லணுமா?

அவரு நூல் மில்லுல எலக்ட்ரீசியன். ஏதோ ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டர ஒரு பழைய சாமான் கடையில வாங்கியாந்தாரு. நல்ல பெரிய மானிட்டரு. கேமரா, மைக்கு எல்லாம் அதுக்குள்ளயே பொதிஞ்சு வந்தது. ஊரு ஒலகத்துல எல்லாரும் வச்சிருக்கிற விண்டோஸ அதுல இருந்து அழிச்சுட்டு, லினக்ஸுன்னு ஒண்ண ஏத்திக்கிட்டாரு. எல்லாரும் ஏறுற பஸ்ஸுல இவரு ஏற மாட்டாரு, அப்படி ஒரு குணம். "வைரஸே அண்டாது, தெரியுமா?"ன்னு பீத்திக்கிருவாரு. வைரஸ் மட்டுமா, நானுந்தான் அண்டல. ஒரு பாட்டுப் போட்டுக் கேக்கணும்னாகூட எந்தப் படத்த அமுக்கணும்னு புரியாது. அந்தக் கேமராவ மட்டும் அவரும் தொட்டதில்ல. "பேசணும்னா நேர்ல வரட்டும், பொட்டிக்குள்ள மூஞ்சியக் காட்டிக்கிட்டு என்ன பேச்சு"ம்பாரு.

ஒரு ஆயுத பூசை முடிஞ்ச மறு மாசம், வேலை பாத்துக்கிட்டு இருந்தவரு நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்தாரு. அம்புட்டுதான், எந்திரிக்கல. நான் சக்களத்தி மேல ஒரு பழைய துண்டப் போத்தி விட்டேன். அதுக்கப்புறம் ஒரு வருசத்துக்கு மேல அந்தத் துண்ட எடுக்கல.

எங்கண்ணன் பாலசமுத்திரத்துல இருக்காரு. தென்னந்தோப்பு, மாடு கன்னுன்னு நல்லா இருக்கிற மனுசன். காரியம் முடிஞ்ச நாள்லயிருந்து ஒரே பேச்சு. "தனியா இந்த ஊர்ல என்ன பண்ணப் போற கண்ணு? கெளம்பி வா, உனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கறோம்." புள்ள குட்டி இல்லாதவ, வேலையில்லாதவ, தனியா இருந்தா ஊரு என்ன சொல்லும்? அது அவரு கவலை. அவரு கெட்டவரா இருந்தா சண்டை போட்டு ஜெயிச்சிருப்பேன். நல்லவரு, அதுதான் தொல்லையே. அந்த ரூம்ல போயி உக்காந்தா வேளாவேளைக்குச் சோறு வரும், மரியாதை வரும், அண்ணி ஒரு சொல்லு சொல்ல மாட்டாக. ஆனா நான் ஒரு வேலையுமில்லாம கட்டில்ல உக்காந்து தென்னைமரத்தப் பாத்துக்கிட்டே செத்துப் போவேன். எனக்கு அஞ்சு நிமிசம் ஒரு எடத்துல உக்கார வராது.

கல்யாணத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் நான் ஸ்கூல்ல தமிழ் டீச்சரா இருந்தவ. மாமனாரு படுத்த படுக்கையானதும் விட்டது. இப்ப, வெளிநாட்டுல இருக்கிற நம்ம புள்ளைகளுக்கு ஆன்லைன்ல தமிழ் சொல்லிக் குடுக்க ஒரு கம்பெனி ஆள் எடுக்குதுன்னு கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்லி நாளு குறிச்சாங்க, சாயங்காலம் நாலு மணிக்கு. போன் கூடாது, கேமரா வச்ச கம்ப்யூட்டர்தான் வேணும், அவங்க ஆப்ப அதுல ஏத்திக்கணும், மூஞ்சி தெளிவாத் தெரியணும். இல்லாட்டி அடுத்த ஆளு.

அண்ணன்கிட்ட சொன்னேன். "சரி. அது கெடைச்சா இரு. கெடைக்கலீன்னா அன்னிக்கே சாமானைக் கட்டிரலாம், நான் வண்டியோட வாறேன்"னாரு. நானும் வீம்புக்கு, "வாங்கண்ணே, பாப்போம்"னுட்டேன். "அதென்ன அண்ணே? அண்ணான்னு கூப்பிடறது மறந்தே போச்சா, திண்டுக்கல்காரி ஆயிட்ட"ன்னு அதுக்கும் ஒரு கொட்டு.

டெமோ அன்னைக்குக் காலையிலதான் துண்ட எடுத்தேன். முந்துன நாளே எடுத்திருக்கலாம்லன்னு கேப்பீக. கை வரல. அம்புட்டுதான் சொல்ல முடியும்.

மெஷின் உசுரு வந்துச்சு. தூசியும் சந்தனமும் கலந்த ஒரு வாடை. ஸ்க்ரீன்ல சிறுமலை ரோட்டுல அவரு எடுத்த ஒரு படம், பஸ்ஸுக்கு நின்ன எடத்துல வாழைத்தாருங்கள வரிசையா சாத்தி வச்சிருக்கிறது. அதையே பாத்துக்கிட்டு நின்னா வேலைக்காகாதுன்னு சட்டுன்னு உக்காந்தேன்.

கம்பெனிக்குப் போன் போட்டா ஒரு பையன் ரொம்ப மரியாதையா, "மேம், விண்டோஸ் என்ன வெர்ஷன்?"னான். விண்டோஸ் இல்லப்பா, லினக்ஸுன்னேன். "மேம், அதுக்கும் ஒரு பைல் சைட்ல இருக்கு மேம், ஆனா அதுக்கு நாங்க சப்போர்ட் பண்றதில்ல மேம்." ஏன்டாப்பா, பைல் மட்டும் குடுப்பீக, பதில் குடுக்க மாட்டீகளான்னு கேட்டேன். வச்சிட்டான்.

சரி, நாமளே பாப்போம்னு பைல எறக்கினேன். அதத் தட்டுனா ஏத்தாம, பாஸ்வேர்டு கேட்டுச்சு. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். எங்க வீட்டு கரண்டு கனெக்ஷன் நம்பரு. எலக்ட்ரீசியன் புத்தி வேற எங்க போகும்? குடுத்தேன். கொஞ்ச நேரம் சுத்திட்டு, வேற ஏதோ ஒரு வேலை ஓடுது, அது முடியற வரைக்கும் காத்திருன்னுச்சு. என்ன வேலைடி உனக்கு? யாரு குடுத்தா? அப்புறந்தான் புரிஞ்சது. ஒரு வருசத்துக்கு மேல தூங்குனவ எந்திரிச்சதும், விட்டுப்போன புதுசு அம்புட்டையும் அவளா இழுத்துக்கிட்டு இருக்கா. ஒரே பாத்ரூம் இருக்கிற வீட்டுல உள்ள பூந்தவரு வெளிய வராத கதைதான். கதவத் தட்டித்தட்டிப் பாத்துட்டு எந்திரிச்சேன்.

அன்னைக்குன்னு பாத்து தெருக் குழாயில ஆத்தூர் டேம் தண்ணி வந்துச்சு. எங்க தெருவுல அது வர்ற நாள விட்டா அப்புறம் எப்பன்னு சொல்ல முடியாது. ஒரு கொடம் வைக்கிறது, ஓடியாந்து ஸ்க்ரீனப் பாக்குறது, திரும்ப ஓடி அடுத்த கொடத்த வைக்கிறது. ஈரக் காலோட வந்து நின்னதுல தரையெல்லாம் சேறு. பக்கத்து வீட்டுக்காரம்மா, "என்னங்க டீச்சர், இப்படிப் பறக்குறீக?"ன்னாக. வேலை ஏறிக்கிட்டு இருக்குங்கன்னேன். அவுகளுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது.

தண்ணி நின்னுச்சு, சக்களத்தி நிக்கல. போன்ல தேடுனதுல, கறுப்பு ஜன்னல் ஒண்ணத் தொறந்து, அதுல இன்னின்னத எழுதுன்னு எவனோ புண்ணியவான் சொல்லியிருந்தான். அவரு ராப்பகலா மொறச்சுப் பாத்துக்கிட்டு இருந்த அதே கறுப்பு ஜன்னல்தான். எழுதுனேன். திரும்பவும் பாஸ்வேர்டு. அடிச்சேன். ஒரு எழுத்தும் விழல, ஒரு புள்ளிகூட விழல. கீபோர்டு போச்சுன்னு நெனச்சு வயரப் புடுங்கி மாட்டுனேன். தலைகீழாக் கவுத்துத் தட்டுனேன், பழைய மிச்சர் ரெண்டு விழுந்துச்சு, எழுத்து விழல. ஐயோ, இன்னைக்குன்னு இதுவும் போச்சான்னு அழுகையே வந்துருச்சு. ஆத்திரத்துல நம்பர மட்டும் முழுசா அடிச்சு என்டரத் தட்டுனா, அது பாட்டுக்கு வேலை செய்யுது! அந்தக் கறுப்பு ஜன்னல்ல பாஸ்வேர்டு அடிச்சா கண்ணுல காட்டாதாம், ஆனா வாங்கிக்கிருமாம். அவருக்குப் பொருத்தமானவளத்தான் தேடிப் புடிச்சிருக்காரு. மனுசனும் அப்படித்தான், சொல்றதையெல்லாம் கேட்டுக்கிருவாரு, கேட்ட மாதிரியே காட்டிக்கிற மாட்டாரு.

மத்தியானம் அண்ணன் வந்துட்டாரு. வாசல்ல குட்டியானை வண்டி, அதுல எங்க வீட்டுக்கு எளநீ ஒரு குலை, எங்க வீட்டுச் சாமானுக்குக் கயிறு ஒரு கட்டு. சாப்பாடு போட்டேன். சுண்டவத்தக் கொழம்பு, வெஞ்சனத்துக்கு அப்பளம் மட்டும். வேற எதுக்கும் அன்னைக்கு நேரம் இல்ல. சாப்பிட்டுக்கிட்டே ஸ்க்ரீன எட்டிப் பாத்தாரு. கறுப்புல வெள்ளை எழுத்து சரசரன்னு ஓடுச்சு.

"என்ன கண்ணு, கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணே, ஏறுது."

"எம்புட்டு நேரமா?" என்னையக் கிண்டல் பண்ணத்தான் எங்க ஊர்ப் பேச்சுல கேட்டாரு.

"காலையிலயிருந்து. சாப்பிடுங்க, நீங்க பேசாம சாப்பிடுங்க."

ஒரு வழியா ஆப் ஏறுச்சு. தொறந்தா, உள்ள சோதனை பாக்குற எடம் ஒண்ணு வச்சிருக்காங்க. மைக்குல "ஹலோ"ன்னேன், பச்சைக் கோடு துள்ளுச்சு. எனக்கும் மனசு துள்ளுச்சு. அப்புறம் கேமரா. படம் வர்ற எடத்துல ஒரே இருட்டு. நடுவுல லேசா செம்மண் நெறம், மத்தபடி கறுப்பு. கேமரா இயங்குதுன்னு எழுதியிருக்கு. மானிட்டர் மேல குட்டியா ஒரு வெளக்கும் எரியுது. எல்லாம் சரியா இருக்கு, என்னத்தான் காணோம்.

கண்டபடி வஞ்சேன். ஆப்ப எடுத்துட்டுத் திரும்ப ஏத்துனேன். இருட்டு. கேமராவுக்குன்னே தனியா ஒரு ஆப் இருக்குன்னு அத ஏத்துனேன். அதுலயும் இருட்டு. இன்னொண்ணு. சொன்னா சிரிப்பீக, அதுலயும் அதே செம்மண் இருட்டு. மெஷின அமத்திட்டு, மனசுக்குள்ள முருகனக் கும்பிட்டுட்டு, போட்டேன். இருட்டுத்தான். டியூப் லைட்டப் போட்டு, ஜன்னலத் தொறந்து, வெளிச்சத்துல நின்னு, உக்காந்து, ஸ்க்ரீனுக்கு ஒரு சாண் கிட்டக்கப் போயிப் பாத்தேன். "இந்தக் கருமத்த ஏங்க ஏத்துனீங்க? எல்லாரும் வச்சிருக்கிறத வச்சிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க?" யாருகிட்டக் கேக்குறேன்னு எனக்கே தெரியல. சத்தமாத்தான் கேட்டிருக்கேன் போல. அண்ணன் திரும்பிப் பாத்தாரு.

நாலு மணி நெருங்குது. அண்ணன் மெல்ல எந்திரிச்சு, கயித்த எடுத்தாரு. அந்தச் சத்தமில்லாத எந்திரிப்புத்தான் என்னய ரொம்பப் படுத்துச்சு. பாய் தலகாணியச் சுருட்டி ஓரமா வச்சாரு. அடுப்படிக்குப் போயிக் கிரைண்டரத் தூக்கிக்கிட்டு வந்தாரு. கிரைண்டரு வாசல் தாண்டுச்சுன்னா மீதி சாமானும் தாண்டும், அப்புறம் நானும் தாண்டணும். ஆனா வாயத் தொறந்து வேணாம்னு சொல்ல முடியல. வாக்குக் குடுத்தவ நான்தான.

ரூம் நடுவுல வரும்போது, கிரைண்டர் பக்கவாட்டுல இருந்து ஏதோ காஞ்ச பொருக்கு மாதிரி ஒண்ணு பேந்து அவரு கையில விழுந்துச்சு. அண்ணன் நின்னாரு. கிரைண்டரக் கீழ வச்சிட்டு, அந்தப் பொருக்க ஒத்த வெரல்ல எடுத்துப் பாத்தாரு. சந்தனம், மேல குங்குமம். ஆயுத பூசைக்கு வச்ச பொட்டு. அதத் தரையில போட மனசில்லாம, ரெண்டு கண்ணுலயும் ஒத்தி, நெத்தியில இட்டுக்கிட்டாரு. நம்ம வீடுகள்ல யாரும் அதத்தான் செய்வாங்க.

"இது மாப்பிள்ளை வெச்சதா?"ன்னாரு.

"ஆமாண்ணே. எல்லாத்துக்கும் அவருதான் வைப்பாரு. கிரைண்டரு, பீரோ, வண்டி, கரண்டு மீட்டரு, இந்த..."

எல்லாத்துக்கும்னு சொன்ன வாயோட என் கண்ணு மானிட்டருக்குப் போச்சு.

மானிட்டர் மேல, வெளிம்புல, சரியா நடு நெத்தியில, ஒரு பொட்டு. காஞ்ச சந்தனம், அதுமேல குங்குமம். காலையில துண்ட எடுத்ததுல இருந்து அது என் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். வீட்டுல எல்லாத்து மேலயும் பொட்டு இருந்தா, பொட்டு கண்ணுக்குத் தெரியுமா? நமக்கு அது சாமானோட ஒரு பாகம். அந்தக் கடைசி ஆயுத பூசையில கிண்ணத்த எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணா வச்சுக்கிட்டே வந்தவரு, கம்ப்யூட்டருக்கு நெத்தி எதுன்னு பாத்து, நடுவுல வாகா ஒரு கறுப்பு வட்டம் இருக்கவும், அதுமேலயே அழுத்தி வச்சிருக்காரு. கேமராவத் தொடாத மனுசனுக்கு அது கேமரான்னா தோணியிருக்கும்? பாவம் லினக்ஸு, அதையும் ஏத்துன அத்தனை ஆப்பையும் நான் திட்டாத திட்டு இல்ல.

சிரிப்பு வந்துச்சு. நெசமாவே சத்தமாச் சிரிச்சேன். தொடச்சா வேலை முடிஞ்சதுன்னு கைய நீட்டுனேன். கை பாதியில நின்னுருச்சு.

அன்னைக்கு எல்லாத்துக்கும் வச்சு முடிச்சுட்டு, வெரல்ல மிச்சம் இருந்தத என் நெத்தியில வச்சாரு. "என் மூத்த தாரத்துக்கும் ஒண்ணு"ன்னாரு. சந்தனம் தண்ணியா இருந்து மூக்குல வழிஞ்சுச்சு, அதுக்கும் அவர வஞ்சேன். மறு மாசம் என் நெத்தியில இருந்தத, எனக்கு ஆறுதல் சொல்ல வந்த பொம்பளைகளே தொடச்சு விட்டாக. யாரும் கொடுமைக்குச் செய்யல, அதுதான் மொறைன்னு செஞ்சாக. நானும் தலையக் குனிஞ்சு காட்டுனேன். அதுக்கப்புறம் நான் பொட்டு வச்சதில்ல. சக்களத்திக்கு மட்டும் துண்டுக்குள்ள அவரு வச்ச பொட்டு பத்திரமா இருந்திருக்கு. இப்ப அத நானே தொடைக்கணும்.

அண்ணனுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. என் மூஞ்சியப் பாத்தாரு, மானிட்டரப் பாத்தாரு. "கண்ணு, நான் வேணும்னா வண்டியெடுத்துட்டுக் கடைத்தெருவுக்குப் போயி வேற கேமரா ஒண்ணு வாங்கியாரட்டுமா? அத அப்படியே விட்ரு"ன்னாரு. என்னயக் கூட்டிப்போக வந்த மனுசன். அந்தப் பேச்சுக்குத்தான் எனக்கு அழுகை வெடிச்சுச்சு.

"வேணாம்ணே. நேரமில்ல."

ஈரத்துணி எடுக்கல. நகத்தால ஓரத்துல இருந்து நெம்புனேன். ஸ்க்ரீன்ல இருட்டு அசைஞ்சுச்சு. மலை மாதிரி ஒரு வெரலு தெரிஞ்சுச்சு. பொட்டு முழுசாப் பேந்து, ஒரு செதிலா, என் உள்ளங்கையில விழுந்துச்சு. ஸ்க்ரீன்ல நான். தலை கலஞ்சு, மூக்கு செவந்து, பின்னாடி கயித்தப் புடிச்சுக்கிட்டு எங்கண்ணன்.

உள்ளங்கையில இருக்கிறத என்ன செய்ய? கீழ போட முடியுமா? குப்பையில கொட்ட முடியுமா? செத்த நேரம்தான் யோசிச்சேன். தண்ணிக் கொடத்துல வெரல முக்கி, அதக் கொழச்சு, நெத்தியில வச்சேன். அண்ணன் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. ஏதாவது சொல்வாருன்னு காத்திருந்தேன். அவரு தலையத் திருப்பி ஜன்னலப் பாத்தாரு.

மணி நாலு அடிச்சுச்சு. தலையக் கோதிவிட்டு, சேலையச் சரி பண்ணிக்கிட்டு, கிளாஸுக்குள்ள போற பட்டன அமுக்கினேன். சென்னையில இருந்து ஒரு மேடம் வந்தாங்க. நல்ல மரியாதையான குரலு.

"வணக்கம் மேடம், உங்க வீடியோ ரொம்ப நல்லாத் தெரியுது. பசங்க இப்ப வந்துருவாங்க. அதுக்கு முன்னாடி... தப்பா நெனைக்காதீங்க, உங்க நெத்தியில ஏதோ அழுக்கு மாதிரி ஒட்டியிருக்கு. தொடச்சுக்கிறீங்களா?"

"அழுக்கு இல்லைங்க மேடம்"னேன். "பொட்டு. அது இருக்கட்டும்."

அவங்க சரின்னுட்டாங்க. வேலை கெடைக்குமா, கெடைக்காதான்னு அந்த நிமிசம் யாருக்கும் தெரியாது. ஒரு பொண்ணும் பையனும் ஸ்க்ரீன்ல வந்து, எங்கயோ குளுருற ஊர்ல இருந்து, "வணக்கம் டீச்சர்"னு மழலையாச் சொன்னாங்க. நானும் வணக்கம் சொன்னேன். எனக்குப் பின்னாடி, அண்ணன் கிரைண்டரத் தூக்கிக்கிட்டுப் போயி, அடுப்படியில எடுத்த எடத்துலயே எறக்கி வச்ச சத்தம் கேட்டுச்சு.